முதல் கண் விழும் இடம்

மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய போட்டோவில் நான் நன்றாகத்தான் இருந்தேன். மாம்பழ நிறச் சேலை, தலை நிறையப் பூ, பல் தெரியாத அடக்கமான சிரிப்பு. ஆனால் எட்டயபுரத்தில் அந்தப் போட்டோவைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “பின்னால செவத்துல என்னமோ தொங்குதே, அது யாரு செஞ்சது?” என்று போனில் கேட்டார்.

“எங்க பானுதான் செஞ்சா” என்று என் அம்மா வடிவம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொய்யை அடித்துவிட்டாள்.

நான் பக்கத்தில் தயிர்சாதத் தட்டோடு நின்றிருந்தேன். எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். கன்டெய்னர் நம்பரை ஒரு எழுத்து பிசகாமல் அடிப்பேன். சுடிதாரில் தையல் பிரிந்தால் அம்மாவிடம் ஓடுவேன். முப்பது வயதில் என் கைவேலை அவ்வளவுதான்.

அந்தச் சுவர் அலங்காரத்தைச் செய்தது என் அப்பா.

அப்பா வன்னியபெருமாள் முத்தையாபுரத்தில் முப்பத்திரண்டு வருஷம் பலசரக்குக் கடை நடத்தியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். மூட்டை தூக்கக் கூடாது, ரொம்ப நேரம் நிற்கக் கூடாது, கத்தக் கூடாது என்றார் டாக்டர். இந்த மூன்றையும் கழித்துவிட்டால் பலசரக்குக் கடையில் என்ன மிச்சம் இருக்கிறது? கடையை அண்ணன் சிவப்பிரகாஷிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் வந்து உட்கார்ந்தார். உடம்புதான் உட்கார்ந்தது. கை உட்காரவில்லை. நாள் முழுக்கப் பொட்டலம் கட்டிய கை அது. பேப்பரைச் சுருட்டும், பிரிக்கும், மறுபடி சுருட்டும். என் சார்ஜர் வயரில் முடிச்சுப் போடும். அம்மா காயப்போட்ட பாவாடையின் நாடாவை உருவி மூன்று புரியாகப் பின்னி வைத்திருக்கும். “இந்த மனுசன் கைய என்ன செய்யன்னே தெரியல” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்புறம் ஒரு நாள் போனில் வீடியோ பார்த்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் கயிற்றை முடிந்து முடிந்து பூந்தொட்டி தொங்கவிட உறி செய்துகொண்டிருந்தாள். அவள் பேசியது புரியவில்லை என்று சத்தத்தை நிறுத்திவிட்டு விரலை மட்டும் பார்த்தார். மறுநாள் பஸ் ஏறி தருவைகுளம் போய், வலைக்கடையில் இரண்டு கிலோ நூலும், கரையில் யாரோ போட்டு வைத்திருந்த உடைந்த துடுப்பு ஒன்றும் வாங்கிக்கொண்டு வந்தார். உடைந்த துடுப்புக்குக் காசு கொடுத்த ஆளை அந்தக் கரை அதற்கு முன் பார்த்திருக்காது.

எங்கள் வீட்டு ஹாலில், வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் உப்புப் பூக்கும். எத்தனை தடவை பெயிண்ட் அடித்தாலும் மூன்று மாதத்தில் பொருபொருவென்று உதிர்ந்துவிடும். உள்ளே வருகிற யாருக்கும் முதலில் அதுதான் தெரியும். அப்பா அந்த இடத்தில் துடுப்பைக் குறுக்காக மாட்டி, அதிலிருந்து நாலடி அகலத்துக்கு நூலை இறக்கினார். வெள்ளையும் கடல்பச்சையுமாகப் பொடிப்பொடி முடிச்சுகள், மேலே நெருங்கி, கீழே வர வர விரிந்து. நாலு மாசம் ஆனது. நம் அப்பா செய்ததை நாமே புகழக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன், அழகென்றால் அப்படி ஓர் அழகு.

அதோடு விட்டாரா? அவருக்குக் கடைக்காரப் புத்தி. “வாசல்ல நிக்கவன் கண்ணு முதல்ல எங்க விழுதோ, அங்கன நம்ம சரக்கு இருக்கணும்” என்பார். கடையில் புதிதாக வந்த எதையும் அந்த இடத்தில்தான் தொங்கவிடுவார். அதே வித்தையை வீட்டிலும் ஆரம்பித்தார். யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்துவார். “கண்ண மூடுங்க. மூணு எட்டு உள்ள வாங்க. இப்ப தொறங்க. எது முதல்ல தெரிஞ்சுது?” கேஸ்காரர் ஒரு முறை தோளில் சிலிண்டரோடு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பாவம், கண்ணைத் திறந்தவர் “ஃபேன்” என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே ஃபேனுக்குச் சுவரின் நிறத்தில் பெயிண்ட் அடித்தாயிற்று.

சிரிப்பாகத்தான் இருந்தது, போன தை மாதம் வரைக்கும். அப்போது திருச்செந்தூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. அப்பா வழக்கம்போல ஓரமாக உட்கார்ந்து பின்னிக்கொண்டே பேசினார். நாலாம் நாள் தரகர் போன் செய்தார். “ஆபரேஷனுக்குப் பொறவு பொண்ணோட அப்பாவுக்கு மண்டையில ஏதோ கோளாறு போல, பொம்பள மாதிரி உக்காந்து பின்னிக்கிட்டே இருக்காருன்னு சொல்லுதாங்க” என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அன்றிலிருந்து கேட் சத்தம் கேட்டாலே கையிலிருப்பதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை.

அதனால்தான் அம்மா போனில் பொய் சொன்னதும் நான் தட்டை வைத்துவிட்டுச் சண்டைக்குப் போனேன். தடுத்தது அப்பா.

“ஏளா, சும்மா இரு. நான் செஞ்சா என்ன, நீ செஞ்சா என்ன? அரிசி வாங்குதவன் எந்த வயல்ல வெளஞ்சதுன்னா கேக்கான்?”

“நீங்க நாலு மாசம் உக்காந்து செஞ்சத நான் செஞ்சேன்னு சொல்ல எனக்கு நாக்கு கூசுதுப்பா.”

“அந்தத் தரகன் சொன்னத இன்னொரு தடவ கேக்க எனக்குத் தெம்பு இல்லம்மா” என்றார். விரல்கள் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தன. நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

சரி, மாப்பிள்ளையிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஜெயகணேஷ் கோவில்பட்டியில் டிராக்டர் ஷோரூமில் சர்வீஸ் மேனேஜர். மூன்று முறை போனில் பேசியிருந்தோம். ஜோக்கைச் சொல்லி முடிப்பதற்குள் தானே சிரித்துவிடுகிற ஆள். இரண்டாம் முறை நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். அதற்குள் அவர், “எங்கம்மா ஃபேன்ஸி ஸ்டோருக்கு வாரவங்க எல்லார்ட்டயும் உங்க போட்டோவக் காட்டுதாங்க. என் மருமக கைவேலையப் பாருன்னு சொல்லுதாங்க” என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவரைப் பிடிக்காமல் இருந்திருந்தால் ஒரே நிமிஷத்தில் போட்டு உடைத்திருப்பேன். பிடித்துத் தொலைத்துவிட்டதே.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்து வீட்டில் ஒருவர் ஓர் இடத்தில் உட்காரவில்லை. அண்ணன் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தான். நான் சேலை கட்டி, பிடிக்காமல் அவிழ்த்து, மறுபடி கட்டினேன். அப்பா மட்டும் கண்ணை மூடி, மூன்று எட்டு வைத்து, திறந்து பார்ப்பதைப் பதினைந்து தடவையாவது செய்திருப்பார். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நாற்காலி இடம் மாறியது.

அம்மா வீட்டிலிருந்த நூல்கண்டு அத்தனையையும் வாரி வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடினாள். அப்பாவுக்குப் புது வேட்டியும் புதுத் துண்டும் எடுத்துக் கொடுத்தாள்.

“கைய மடியில வச்சுக்கிட்டு உக்காருங்க. ஒண்ணையும் தொடாதிய.”

“சரி” என்றார் அப்பா.

அம்மாவின் கண் அடிக்கடி டீப்பாயில் இருந்த பலகாரத் தட்டுக்குப் போனது. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் சொந்தத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் குடிப்பார்கள், காப்பியும் குடிப்பார்கள். பலகாரத்தில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். மனசுக்குப் பிடித்திருந்தால்தான் எடுத்து வாயில் போடுவார்கள். திருச்செந்தூர்க்காரர்கள் தொடாமல் போன முந்திரி மக்ரூனை நாங்கள் நாலு நாள் தின்றோம்.

சரியாக நாலு மணிக்குக் கார் வந்தது. மாப்பிள்ளை ஜெயகணேஷ், அவர் அம்மா ராஜகனி, ராஜகனி அத்தையின் தம்பி செல்வதுரை என்று மூன்று பேர். அத்தை செருப்பைக் கழற்றும்போதே ஹாலை ஒரு பார்வையில் அளந்துவிட்டார். வளையலும் ரிப்பனும் விற்றுப் பழகிய கண் அல்லவா? “வாங்க, உக்காருங்க” என்று அம்மா சொல்வதைக் காதில் வாங்காமல் நேராகச் சுவருக்குப் போனார். மேல் வரிசையில் ஒரு முடிச்சை விரலால் தொட்டார்.

“தருவைகுளம் வலநூலா?”

அப்பாவின் வாய் திறந்தது. அம்மா இருமினாள்.

“ஆமா அத்தை” என்றேன் நான்.

“எத்தன நாளாச்சு?”

“ஒரு... வாரம்.”

அப்பாவிடமிருந்து விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

செல்வதுரை சோபாவில் சாய்ந்துகொண்டார். “என்ன இருந்தாலும் பொம்பளப்பிள்ள கை பட்டாத்தான் வீட்டுக்கு ஒரு லட்சணம். ஆம்பள வச்சா கோடவுனாத்தான் இருக்கும்” என்றார். அம்மா தேவைக்கு மேல் சிரித்தாள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காப்பியை வைத்தேன். பலகாரத் தட்டை நகர்த்தி வைத்தேன். ஒருவரும் தொடவில்லை. ஜெயகணேஷ் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நான் எதிரில் உட்கார்ந்து தரையைப் பார்த்தேன். வெட்கம் என்று நினைத்திருப்பார். எனக்கு உள்ளங்கால் எல்லாம் வேர்த்து, எழுந்து எங்கேயாவது ஓடிப் போய்விடலாம் போல இருந்தது.

ராஜகனி அத்தை வந்து உட்கார்ந்தார். காப்பியைத் தொடாமல் கைப்பையைத் திறந்து ஒரு கயிற்றுச் சுருளை எடுத்தார்.

“நானும் இத ரெண்டு வருஷமா செஞ்சு பாக்கேன். கீழ் வரிசையில ஒரு முடிச்சு போட்டிருக்கியே, நாலு இழைய ரெண்டாப் பிரிச்சு மறுபடி சேத்து வாங்குது பாரு, அது மட்டும் எனக்கு வசப்படல. ஒரு தடவ போட்டுக் காட்டும்மா.”

கயிறு என் மடிக்கு வந்துவிட்டது. எடுத்தேன். ஒரு வளையம் போட்டேன், அதற்குள் இன்னொன்றை நுழைத்தேன், இழுத்தேன். மூட்டை வாய் கட்டிய மாதிரி ஒன்று வந்தது. அவிழ்த்தேன். மறுபடியும் அதே மூட்டைவாய். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிக் கயிற்றில் விழுந்தது.

“பதட்டத்துல இருக்கா” என்றாள் அம்மா.

நிமிர்ந்து பார்த்தேன். அத்தை என் கையைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரும்பினேன்.

மூலை நாற்காலியில் அப்பா. கண் இமைக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, ‘அந்த இழை இல்ல, பக்கத்து இழை’ என்று சொல்வதுபோல. மடியில் அவர் விரல்கள் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. புதுத் துண்டின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு நூல் தொங்கும் இல்லையா? ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைக்குக் கொஞ்சம் முன்புவரை அந்த நூல் எல்லாம் முடிச்சாகியிருந்தது. நெருங்கி, விரிந்து, நாலு இழை இரண்டாகப் பிரிந்து, மறுபடி சேர்ந்து. சுவரில் தொங்கியதேதான், சின்னதாக. அவருக்கே தெரியவில்லை.

செல்வதுரையும் பார்த்துவிட்டார். “அட” என்று மூக்கால் சிரித்தார்.

அப்பா குனிந்து மடியைப் பார்த்தார். சட்டென்று துண்டைச் சுருட்டித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வைத்துவிட்டு எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

நான் எழுந்துவிட்டேன். கயிறு மடியிலிருந்து கீழே விழுந்தது.

“அத்தை, எனக்கு ஒரு முடிச்சுகூடப் போடத் தெரியாது. இது பூரா எங்கப்பா செஞ்சது. ஒரு வாரம் இல்ல, நாலு மாசம். அவருக்கு மண்டையில ஒரு கோளாறும் கெடையாது. சும்மா இருக்க அவருக்குத் தெரியல, அவ்வளவுதான். இது உங்களுக்குப் பிடிக்கலன்னா...” ஜெயகணேஷ் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று மட்டும் மனசுக்குள் ஓடியது. ஆனாலும் காலையிலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிவிட்டது.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜகனி அத்தை எழுந்தார். செல்வதுரையும் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆனால் அத்தை வாசலுக்குப் போகவில்லை. அப்பாவுக்கு முன்னால் போய் நின்றார்.

“அண்ணாச்சி, அந்தத் துண்ட எடுங்க.”

“தப்பா எடுத்துக்கிடாதிய” என்றார் அப்பா. “பிள்ள மேல தப்பில்ல. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். கை நிக்க மாட்டேங்கு. வேணும்னு செய்யல.”

“போன்ல பொய் சொன்னதுக்கு மயினிகிட்ட நான் பொறவு சண்ட போட்டுக்கிடுதேன். இப்ப துண்ட எடுங்க.”

அப்பா எடுத்தார். அத்தை அதை உள்ளங்கையில் விரித்து வைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“உள்ள வந்ததுமே எனக்குத் தட்டுச்சு. நான் செவத்தத் தொட்டப்ப எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. நீங்க மட்டும் என் விரலப் பாத்திய, எங்க பிச்சிருவேனோன்னு.” துண்டின் ஓரத்தைக் காட்டினார். “இங்கன கொஞ்சம் விட்டுப் போச்சு. இப்படி அரகொறையா இருந்தா எனக்கு இருப்புக் கொள்ளாது. அதையும் போடுங்க. நான் பாக்கணும்.”

ஒரு நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்பா துண்டைத் தொடவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுந்தாள். அவமானத்தில் அடுப்படிக்குப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் அப்பாவின் நாற்காலிப் பக்கம் போய், தலைக்கு மேல் இருந்த டியூப்லைட்டைப் போட்டாள்.

“வெளிச்சம் இல்லாம போட்டா கண்ணு கெட்டுரும்னு எத்தன தடவ சொல்லுதேன்” என்றாள், தினமும் சண்டை போடுகிற அதே குரலில்.

அப்பா முதல் இழையை எடுத்தார். நழுவியது. இரண்டாம் தடவையும் நழுவியது. மூன்றாம் தடவை விரல் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

“நில்லுங்க, நில்லுங்க. அந்த எழ எங்க போச்சு?” என்று அத்தை குனிந்தார். “மெதுவாங்க அண்ணாச்சி. ஆங், இதத்தான் நான் தப்பா வாங்குனேன்.” செல்வதுரை சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டியபடி அக்காவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். ஜெயகணேஷ் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து போனில் வீடியோ எடுத்தார்.

“மாமா, கைய இந்தப் பக்கம் லேசாத் திருப்புங்க. அம்மா தல மறைக்குது” என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். மாமா என்று சொன்னதை அவனும் கேட்டிருந்தான்.

அத்தை அப்பாவின் விரலிலிருந்து கண்ணை எடுக்காமல் கையைப் பின்னால் நீட்டினார். டீப்பாயைத் தடவி, தட்டைத் தடவி, ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அம்மா என் கையை வலிக்கக் கிள்ளினாள்.

பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு நான் ஹாலின் நடுவில் நின்றிருந்தேன். என்னைப் பார்க்க எட்டயபுரத்திலிருந்து காரில் வந்தவர்கள் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் கண் அப்பாவின் கையில்தான் இருந்தது. அப்படியே இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் போதும் என்று நான் சத்தமில்லாமல் நின்றேன்.